நாலரை ஏக்கர் தோட்டம், 4 கோடி ரூபாய் பாட்டில்: பிரெஞ்சு ஒயின் சொல்லித்தர்ற பணப் பாடங்கள்



2018 அக்டோபர்ல நியூயார்க்ல சதபீஸ் ஏல நிறுவனம் ஒரே ஒரு ஒயின் பாட்டிலை ஏலத்துக்கு விட்டுச்சு. 1945-ம் வருஷத்து ரொமானே கோந்தி. 5,58,000 டாலருக்குப் போச்சு. அன்னைக்கு இருந்த டாலர் மதிப்புல கிட்டத்தட்ட ₹4 கோடி.

அந்தத் திராட்சை விளைஞ்ச தோட்டம் எவ்வளவு பெருசு தெரியுமா? சுமார் 1.8 ஹெக்டேர். நம்ம கணக்குல நாலரை ஏக்கர். அன்னூர்லயோ கோபியிலயோ நாலரை ஏக்கர் வச்சிருக்கறவரை யாரும் பெரிய பண்ணையக்காரர்னு சொல்ல மாட்டாங்க. "ஏதோ கொஞ்சம் தோட்டம் இருக்குதுங்க"ன்னு அவரே சொல்லிக்குவாரு.

மாற்று முதலீடுகள் பத்தின வீடியோவுல ஒயினை ரெண்டு நிமிஷத்துல தாண்டிட்டோம். அதுல அடங்காத விஷயம் நிறைய இருக்கு, அதான் இங்க விரிவா. முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன்: இது குடிக்கச் சொல்ற கட்டுரை இல்லைங்க. நம்ம ஊர்ல "ஒயின் ஷாப்"னு சொல்ற கடையில ஒயினைத் தவிர மத்ததெல்லாம்தான் அதிகமா விக்குது. அந்தக் கதைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு விளைபொருளுக்கு விலை எங்கிருந்து வருது, அந்த விலையை நம்பி நாம பணம் போடலாமா, நம்ம வீட்டு வெள்ளாமைக்கு இதுல ஏதாவது பாடம் இருக்கா, இந்த மூணுதான் கேள்வி.

பிரான்ஸ்காரங்க விக்கிறது ஊர் பேரை

ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஒயின் பாட்டில்கள்ல பெரும்பாலும் திராட்சை ரகத்தோட பேர் பெருசா இருக்கும். பிரெஞ்சு பாட்டில்ல ஊர் பேர்தான் பெருசா இருக்கும். ரகம் என்னன்னு பல பாட்டில்ல போட்டிருக்கவே மாட்டாங்க. மண்ணு, சரிவு, வெயில், மழை, அந்த ஊர் ஆளுங்களோட பக்குவம் எல்லாம் சேர்ந்துதான் ருசின்னு அவங்க நம்பிக்கை. இதுக்கு "தெருவா"ன்னு ஒரு சொல்லே வச்சிருக்காங்க.

நமக்கு இது புதுசில்ல. சிறுவாணித் தண்ணிக்கு ஒரு ருசி, ஊத்துக்குளி வெண்ணெய்க்கு ஒரு வாசம், ஈரோட்டு மஞ்சளுக்கு ஒரு நிறம்னு பேசி வளர்ந்தவங்கதான் நாம. அந்தப் பேச்சை பிரான்ஸ்ல சட்டமா எழுதி வச்சாங்க. வித்தியாசம் அங்கதான் ஆரம்பிக்குது.

முக்கியமான பகுதிகளை ஒவ்வொண்ணா பார்ப்போம். ஒவ்வொண்ணுலயும் ஒரு பணப் பாடம் இருக்கு.

1. பர்கண்டி: பாகம் பிரிஞ்சாலும் விலை ஏறின ஊர்

கிழக்கு பிரான்ஸ்ல இருக்கற பகுதி. சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்டொனே, பெரும்பாலும் இந்த ரெண்டு ரகம்தான். ஆனா தோட்டத்தைத் துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப்பேர், தனித் தரம் கொடுத்திருக்காங்க. இந்தத் துண்டுகளுக்கு "க்ளிமா"ன்னு பேர். 2015-ல யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்த வாரிசுச் சட்டப்படி பிள்ளைங்க எல்லாருக்கும் பங்கு. அதனால க்ளோ த வூஜோங்கற ஒரே தோட்டம், சுமார் 50 ஹெக்டேர், இன்னைக்கு 80 பேர் அளவுக்குப் பிரிஞ்சு கிடக்கு. ஒருத்தருக்கு ரெண்டு மூணு வரிசைச் செடி மட்டும்கூட இருக்கும். நம்ம பக்கம் பாகம் பிரிச்ச தோட்டம் மாதிரியேதான்.

ரொமானே கோந்தி தோட்டத்துல ஒரு வருஷத்துக்கு வர்றது சில ஆயிரம் பாட்டில்தான். தோட்டத்தைப் பெருசாக்க வழியே இல்ல. உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கு, சரக்கு கூடாது. விலை ஏறாம என்ன பண்ணும்? ஆனா வெறும் அருமை மட்டும் விலையைக் கொண்டு வராது. நாலரை ஏக்கர் நம்மகிட்டயும் இருக்கு. அது எந்த நாலரை ஏக்கர்னு நிரூபிக்க நூற்றாண்டுகள் பழைய பதிவு அவங்ககிட்ட இருக்கு. அந்தப் பதிவுக்குத்தான் காசு.

2. போர்டோ: ரேட்டிங்கும் முன்பேர வியாபாரமும்

தென்மேற்கு பிரான்ஸ். ஆத்துக்கு இடதுகரையில கேபர்னே சோவின்யோன், வலதுகரையில மெர்லோ முக்கிய ரகங்கள். 1855-ல பாரிஸ்ல நடந்த கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்டதால, போர்டோ தரகர்கள் ஒரு பட்டியல் போட்டாங்க. எந்தத் தோட்டத்து ஒயின் எவ்வளவு விலைக்குப் போகுதுன்னு பார்த்து அஞ்சு படியா பிரிச்சாங்க. அந்தப் பட்டியல் இன்னைக்கும் செல்லுபடியாகுது. படி மாறின தோட்டம் ஒண்ணே ஒண்ணுதான்: ஷாத்தோ மூட்டோன் ரோத்ஷில்ட், 1973-ல ரெண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு.

யோசிச்சுப் பாருங்க: 170 வருஷத்துக்கு முன்னாடி இருந்த விலையை வச்சு போட்ட ரேட்டிங், இன்னைக்கு விலையை நிர்ணயிக்குது. மியூச்சுவல் ஃபண்ட்ல அஞ்சு ஸ்டார் பார்த்து மட்டும் பணம் போடறவங்க இதை நல்லா ஞாபகம் வச்சுக்கணும்.

இன்னொரு வழக்கம் "ஆன் ப்ரிமர்". அறுவடைக்கு அடுத்த வசந்தத்துல, ஒயின் இன்னும் பீப்பாய்ல இருக்கும்போதே விலை பேசி காசு வாங்கிடுவாங்க. பாட்டில் கைக்கு வர சுமார் ரெண்டு வருஷம். தோட்டக்காரருக்குக் கையில காசு. வாங்கறவருக்கு விலை ஏறும்ங்கற நம்பிக்கை. அறுவடைக்கு முன்னாடியே தோப்பை மொத்தமா பேசி விடற நம்ம ஊர் குத்தகை மாதிரிதான், கொஞ்சம் கோட் சூட் போட்டிருக்கு.

ஆனா இதே போர்டோவுல இன்னொரு பக்கமும் உண்டு. பேர் தெரியாத சாதாரண போர்டோ ஒயினுக்கு ஆள் குறைஞ்சுட்டாங்க. 2023-ல மிஞ்சின ஒயினை வாங்கி அழிக்க பிரெஞ்சு அரசு 20 கோடி யூரோ ஒதுக்கிச்சு. சானிடைசருக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஆல்கஹாலா அது மாறிப் போச்சு. செடிகளைப் பிடுங்கறதுக்கும் மானியம் கொடுத்தாங்க. ஒரே ஊர், ஒரே பேர்: ஒரு பாட்டில் லட்சத்துக்குப் போகுது, இன்னொண்ணை அழிக்க அரசு காசு கொடுக்குது.

3. ஷாம்பெயின்: ஒத்துமையில பொழைக்கற ஊர்

பாரிஸுக்கு வடகிழக்கே, சுண்ணாம்பு மண். நுரைக்கற ஒயின் எல்லாமே ஷாம்பெயின்னு நினைச்சுக்கறோம். அந்தப் பகுதியில, அந்த முறையில செஞ்சது மட்டும்தான் ஷாம்பெயின். பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை நொதிக்க வைக்கணும். குறைஞ்சது 15 மாசம் கிடங்குல கிடக்கணும்.

இந்தப் பேர் சும்மா வந்திடல. 1911-ல அங்க கலவரமே நடந்துச்சு. ஒயின் கம்பெனிகள் வெளிப் பகுதிகள்ல இருந்து மலிவான திராட்சையைக் கொண்டு வந்து ஷாம்பெயின்னு வித்தாங்க. விவசாயிங்க பொங்கி எழுந்து ஆயி ஊர்ல கம்பெனிக் கட்டடங்களுக்குத் தீ வச்சாங்க, ராணுவம் வந்துச்சு. 1927-ல எல்லை வரைஞ்சு சட்டம் போட்டாங்க. இன்னைக்கு விவசாயிகளும் கம்பெனிகளும் ஒரே குழுவுல உக்கார்ந்து, வருஷா வருஷம் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ அறுக்கலாம்னு முடிவு பண்றாங்க. 2020 கொரோனா வருஷத்துல விற்பனை சரிஞ்சதும் அளவை 8,000 கிலோவாக் குறைச்சுட்டாங்க. சரக்கைக் கொட்டி விலையை உடைச்சுக்கல.

பேரைக் காப்பாத்தறதுல எவ்வளவு கறார்னா, 1993-ல ஈவ் சான் லோரான் ஒரு வாசனைத் திரவியத்துக்கு "ஷாம்பெயின்"னு பேர் வச்சப்போ கோர்ட்டுக்குப் போய் நிறுத்திட்டாங்க. இத்தனைக்கும் அது குடிக்கற பொருளே இல்ல.

4. ரோன்: விதிமுறைக்கு வித்து போட்ட ஊர்

தெற்கே, ரோன் ஆத்தோரம் ஷாத்தோநெஃப்-தூ-பாப்னு ஒரு ஊர். அங்க லெ ருவாங்கற தோட்டக்காரர், வக்கீலுக்குப் படிச்சவர், 1923-ல ஊர்க்காரங்களோட சேர்ந்து விதி எழுத ஆரம்பிச்சாரு: எந்த நிலம், எந்த ரகம், எவ்வளவு ஆல்கஹால். அதைப் பின்பற்றித்தான் 1935-ல பிரான்ஸ் முழுக்க "ஆப்பெலாசியோன்" சட்டம் வந்துச்சு. உலகத்துல இன்னைக்கு இருக்கற புவிசார் குறியீட்டுச் சட்டங்களுக்கு இது ஒரு முன்னோடி. கூடுதல் தகவல்: அந்த ஊர் நகரசபை 1954-ல பறக்கும் தட்டுகள் தோட்டத்துல இறங்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. விளம்பரம்னா என்னன்னு தெரிஞ்ச ஊர்.

5. போஜொலே, லாங்டாக், மத்தவங்க

போஜொலேவுல "நூவோ"ன்னு ஒரு ஒயின். அறுத்து சில வாரத்துலயே, நவம்பர் மூணாவது வியாழக்கிழமை உலகம் முழுக்க வெளியிடுவாங்க. காத்திருப்பே கிடையாது, காசு உடனே. சேர்த்து வைக்கற ஒயினும் இல்ல.

லாங்டாக் தெற்குக் கடலோரம். விளைச்சல் ஏராளம், ரொம்ப காலமா மலிவு ஒயினுக்குப் பேர் போன ஊர். 1907-ல விலை விழுந்து, கலப்படமும் சேர்ந்துக்கிட்டப்போ லட்சக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தாங்க. ஒயின்னா புதுத் திராட்சையிலிருந்து செஞ்சதுதான்னு அரசு சட்டம் போட வேண்டியதாச்சு.

லுவார் பள்ளத்தாக்கும் ஜெர்மனி எல்லையில இருக்கற அல்சாஸும் வெள்ளை ஒயினுக்குப் பேர் போனவை. பெரிய பேர் இல்லாததால பல நல்ல ஒயின் அங்க நியாயமான விலையில கிடைக்கும்.

இப்போ நம்ம ஊர் கணக்குக்கு வருவோம்

இந்தியாவுல புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல நிறைவேறி, 2003 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. பதிவு அலுவலகம் நம்ம சென்னை கிண்டியில இருக்கு. ஷாம்பெயினும் அங்க வந்து பதிவு வாங்கிக்கிட்டுப் போயிருக்கு.

நம்ம பக்கமும் பட்டியல் பெருசுதான்: பவானி ஜமக்காளம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், கோவை கோரா காட்டன், ஈரோடு மஞ்சள் (2019), நெகமம் காட்டன் சேலை. திராட்சையே வேணும்னா கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல கிடைச்சுது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையற அதே பன்னீர் ரகம்தான். இது வண்டியில கிலோ கணக்குல போயிடுது.

பேர் கிடைச்சாச்சு. விலை கிடைச்சுதா?

மஞ்சளையே எடுத்துக்கோங்க. 2010-ல ஈரோட்டுல குவிண்டால் ₹17,000-ஐ ஒட்டிப் போச்சு. ரெண்டே வருஷத்துல ₹4,000 அளவுக்கு விழுந்துச்சு. உங்க அப்பா அந்த வருஷம் மூட்டையைக் கிடங்குல போட்டுட்டு எவ்வளவு கவலைப்பட்டார்னு வீட்ல கேட்டுப் பாருங்க. 2024-ல மறுபடி ஏறுச்சு. இந்த ஏத்த இறக்கத்துல ஊர் பேருக்குன்னு தனியா ஒரு விலை நிக்கல. சந்தை விலைதான் எல்லாருக்கும்.

பவானி ஜமக்காளம் நிலைமை இன்னும் மோசம். கைத்தறிக்குன்னு சட்டத்துல ஒதுக்கின பொருள் அது. ஆனாலும் விசைத்தறியில நெய்ததை "பவானி"ன்னு பேர் சொல்லி விக்கறாங்க. வாங்கறவருக்கு வித்தியாசம் தெரியறதில்ல, நெசவாளிக்குக் கூலி கட்டுப்படியாகறதில்ல. ஷாம்பெயின்ல 1911-ல நடந்தது இதேதான். அவங்க அதுக்கப்புறம் எல்லை, அளவு, சோதனை, வழக்குன்னு விடாம போனாங்க. சான்றிதழ் முதல் படி மட்டும்தான். போலியைத் துரத்தறதுதான் விலையைக் கொண்டு வரும்.

இதுல உலக அளவுல ஒரு ஓரவஞ்சனையும் இருக்கு. உலக வர்த்தக அமைப்போட டிரிப்ஸ் ஒப்பந்தத்துல 23-வது பிரிவு ஒயினுக்கும் மதுவகைகளுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு கொடுக்குது. "ஷாம்பெயின் மாதிரி"ன்னுகூடப் போடக் கூடாது. மஞ்சளுக்கும் ஜமக்காளத்துக்கும் அந்த அளவு பாதுகாப்பு இல்ல. அதை மத்த பொருளுக்கும் நீட்டிக்கணும்னு இந்தியா ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கு.

சரி, ஒயின்ல முதலீடு பண்ணலாமா?

"பங்குச்சந்தை விழுந்தாலும் ஒயின் விழாது"ன்னு விளம்பரம் உங்க கண்ணுலயும் பட்டிருக்கும். ஒயினும் விழும். 2008 லாஃபீத் பாட்டில்ல சீன மொழியில "எட்டு"ன்னு பொறிச்சப்போ சீனாவுல விலை பறந்துச்சு. 2011 நடுவுலயிருந்து லாஃபீத் விலை சரிய ஆரம்பிச்சுது. லண்டன்ல லிவ்-எக்ஸ்னு ஒயினுக்கான சந்தையே இருக்கு. அங்கயும் 2022-ல உச்சம் தொட்ட விலைகள் அடுத்த வருஷங்கள்ல கணிசமா இறங்குச்சு.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ₹5 லட்சத்துக்கு ஒயின் வாங்கறீங்க. விலை வருஷத்துக்கு 6% ஏறுதுன்னு வச்சுக்குவோம். கிடங்கு வாடகை, காப்பீடு, நிர்வாகம்னு 2.5% போகுது. அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது 10% கமிஷன்.

- 5 வருஷத்துல மதிப்பு: சுமார் ₹5.94 லட்சம்
- கமிஷன் போக கையில: சுமார் ₹5.34 லட்சம்
- உண்மையான வருமானம்: வருஷத்துக்கு ஏறக்குறைய 1.3%
- அதே ₹5 லட்சம் 6.5% வைப்புத்தொகையில: சுமார் ₹6.85 லட்சம் (வரிக்கு முன்)

டிவிடெண்ட் கிடையாது, வட்டி கிடையாது, வாடகை கிடையாது. அடுத்தவர் கூட விலை கொடுத்தாத்தான் உங்களுக்கு லாபம்.

சட்டச் சிக்கலும் உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினா ரிசர்வ் வங்கி விதிகள் பொருந்தும்; ஒரு நிதியாண்டுல ₹10 லட்சத்தைத் தாண்டினா, தாண்டின தொகைக்கு 20% டிசிஎஸ் பிடிப்பாங்க. அங்க வச்சிருக்கற சொத்தை வருமான வரிக் கணக்குல வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில காட்டணும். "இங்கயே வாங்கி வச்சு வித்துக்கலாமே"ன்னா, லைசென்ஸ் இல்லாம தமிழ்நாட்டுல மதுவை விக்கறது குற்றம்.

போலியும் இருக்கு. ரூடி குர்னியவான்னு ஒருத்தர் கலிஃபோர்னியாவுல தன் வீட்டுச் சமையலறையில மலிவு ஒயினைக் கலந்து, பழைய லேபிள் மாதிரியே ஒட்டி கோடிக்கணக்குல வித்தாரு. ஏமாந்தவங்க எல்லாம் பெரும் பணக்காரங்க. 2014-ல அவருக்கு 10 வருஷம் சிறைத் தண்டனை. அவங்களே ஏமாந்தாங்கன்னா, செயலியில ஃபோட்டோ பார்த்து வாங்கற நாம எந்த மூலைக்கு?

கொங்குநாட்டுக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கமே தேவையில்ல. 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைத் திட்டங்கள் கவிழ்ந்தது ஞாபகம் இருக்கா? கண்ணு முன்னாடி கோழி நின்னுச்சு, மாசாமாசம் பணம் வந்துச்சு, நடிகருங்க விளம்பரத்துல வந்தாங்க. கேக்க மறந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இதை கடைசியா யாரு வாங்கிச் சாப்பிடறாங்க?" கையில தொட்டுப் பார்க்கற பொருள்ங்கறதாலயே முதலீடு பத்திரம் ஆயிடாது. கோழி, தேக்கு, ஒயின் எதுவா இருந்தாலும் அதே கேள்வியைக் கேளுங்க.

ஒரு பாட்டில் ஏன் இங்க அவ்வளவு விலை?

ஆன்சைட் போய்ட்டு வந்த நண்பர் "அங்க பத்து யூரோதான்டா"ன்னு சொல்லியிருப்பாரு. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு இறக்குமதி ஒயினுக்கு 50% அடிப்படை சுங்கம், 100% விவசாயக் கட்டமைப்பு செஸ், மொத்தம் 150%. ₹1,000 பாட்டில் துறைமுகத்துலயே ₹2,500. அதுக்கு மேல மாநில வரி, இறக்குமதியாளர், கடை லாபம். மது ஜிஎஸ்டிக்குள்ள வராது. ஆஸ்திரேலியாவோட 2022-ல போட்ட மாதிரியான வர்த்தக ஒப்பந்தங்கள்ல இந்தச் சுங்கம் படிப்படியா குறைக்கப்படுது. வெளிநாட்டுலயிருந்து வர்றவர் ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கம் இல்லாம கொண்டு வரலாம். அதனால இங்க நீங்க கொடுக்கற காசுல பாதிக்கு மேல வரிக்கும் லாபத்துக்கும் போகுது. அதை "கலெக்‌ஷன்"னு நினைச்சு சேர்க்காதீங்க. அது செலவுக் கணக்கு.

இந்த மாசம் நீங்க செய்யக்கூடியது

1. வீட்ல விளையறது என்னன்னு பாருங்க. மஞ்சளோ, நெசவோ, குறியீடு வாங்கின பொருளா இருந்தா பதிவு அலுவலக இணையதளத்துல உங்க தாலுகா அந்த எல்லைக்குள்ள வருதான்னு தேடுங்க.

2. "அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்" பதிவு போடுங்க. குறியீட்டை வாங்கினது பெரும்பாலும் சங்கம். ஈரோடு மஞ்சளுக்கு விண்ணப்பிச்சது வியாபாரிகள், கிடங்கு உரிமையாளர்கள் சங்கம். தனிப்பட்ட விவசாயி அந்த முத்திரையைப் பயன்படுத்தணும்னா சட்டத்தோட 17-வது பிரிவுல தனியா பதியணும். 2020-ல இதுக்கான கட்டணத்தை ₹500-லிருந்து ₹10-ஆக் குறைச்சாங்க. அப்பாவுக்கு ஃபார்ம் நிரப்ப நேரம் இருக்காது. உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும்.

3. மொத்தத்தையும் மாத்தாதீங்க. பத்துல ஒரு பங்கை மட்டும் பொடி பண்ணி, குர்குமின் அளவு சோதிச்சு, ஊர் பேரோட அடைச்சு விக்கப் பாருங்க. உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். மீதி வழக்கம்போல மண்டிக்கே போகட்டும்.

4. ஒயின் முதலீட்டுக்கு ஒதுக்க நினைச்ச பணத்தை முதல்ல ஆறு மாச அவசர நிதிக்கும், அப்புறம் எஸ்ஐபிக்கும் அனுப்புங்க. இதெல்லாம் முடிஞ்சு மிச்சம் இருந்தா, ஆசைக்கு ஒரு பாட்டில் உங்க விருப்பம்.

5. ஜமக்காளம் வாங்கும்போது கைத்தறியான்னு கேட்டு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில வாங்குங்க. அடுத்த கல்யாணச் சீர் வாங்கும்போதே ஆரம்பிச்சுடலாம்.

பதிவு விண்ணப்பத்தை எப்படி நிரப்பறது, என்னென்ன ஆவணம் வேணும்னு அடுத்த வீடியோவுல திரையிலயே காட்டறோம். அதுக்குள்ள வீட்ல பேசி சிட்டா, அடங்கலை எடுத்து வச்சுக்கோங்க.

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. உங்க நிலைமைக்கு ஏத்த முடிவை உங்க ஆலோசகர்கிட்ட கேட்டு எடுங்க. மது உடல்நலத்துக்குக் கேடு.)